தொடர் மழையில் காட்டுப்பாதை: மூன்று நாள் நடைக்கு என்ன ஏற்பாடு?

#1 ஓடைக்கரை
மூன்று பகல், இரண்டு இரவு. பாதை முழுக்க அடர்ந்த காடு, நடுவே பாலமில்லாத இரண்டு ஓடைகள். மூன்று நாளும் மழை என்கிறது முன்னறிவிப்பு. பகலில் 14 டிகிரி, இரவில் 7 டிகிரி செல்சியஸ். மூன்று பேர் போகிறோம், ஆளுக்கு 11 கிலோ சுமை. நடந்து பழக்கம் உண்டு, மழையில் இரவு தங்கிப் பழக்கமில்லை.
நல்ல ரெயின்கோட் இருந்தால் நனையாமல் நடக்கலாமா? வாட்டர்ப்ரூஃப் ஷூ வேண்டுமா? பைக்கு ரெயின் கவர் போதுமா? ஓடையில் எப்போது இறங்கலாம், எப்போது கூடாது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

#2 நடைக்கோல்
நாள் முழுக்கப் பெய்கிற மழையில் சுமையோடு நடந்தால் நனையத்தான் செய்வீர்கள். இதை இப்போதே ஒத்துக்கொண்டால் மற்ற முடிவெல்லாம் சுலபமாகிவிடும். நடக்கும்போது உடம்பு ஈரமாக இருக்கலாம், குளிரக் கூடாது. இரவுக்கு ஒரு செட் உடுப்பும் ஸ்லீப்பிங் பேக்கும் சொட்டு நீர் படாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்காகத்தான் மற்ற எல்லா ஏற்பாடும்.

ரெயின்கோட் ஏன் கைவிடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. வெளித்துணியில் நீரை உருட்டிவிடும் ஒரு பூச்சு இருக்கும். அழுக்கும் வியர்வை எண்ணெயும் படியப் படிய, தோள்பட்டை உராய உராய, அந்தப் பூச்சு போய்விடும். அப்புறம் வெளித்துணி நீரைக் குடித்து ஊறிக் கருத்துக் கிடக்கும். உள்ளே இருக்கும் சவ்வு அப்போதும் மழையை விடாது, ஆனால் வியர்வை ஆவியும் வெளியே போக வழியில்லாமல் உள்பக்கமே நீராகிவிடும். கோட் ஒழுகுகிறது என்று பலர் நினைப்பது பெரும்பாலும் இந்த வியர்வையைத்தான்.

கிளம்பும் முன் கோட்டின் தோள்மேல் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்துமுத்தாக உருண்டால் சரி. துணி கருத்துப் பரவினால், மென்மையான திரவ சோப்பில் துவைத்து (துணி மென்மையாக்கி சேர்க்கவே கூடாது) நன்றாக அலசி, பராமரிப்புச் சீட்டு அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூட்டில் 20 நிமிடம் ஓட விடுங்கள். அந்தச் சூட்டில் பழைய பூச்சு மறுபடி எழுந்து நிற்கும். அப்படியும் பரவினால் புதுப் பூச்சு ஸ்ப்ரே வாங்கி அடிக்க வேண்டியதுதான்.

ஏற்றத்தில் கக்கத்து ஜிப்பைத் திறந்து, கழுத்தைத் தளர்த்தி, வேகத்தைக் குறையுங்கள். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் போதும். 14 டிகிரியில் நடக்கும்போது உள்ளே ஒரு மெல்லிய பாலியெஸ்டர் அல்லது கம்பளிச் சட்டை இருந்தால் போதும். தடித்த உடுப்பு நிற்கும்போது போட்டுக்கொள்ள. பருத்தி எதுவும் வேண்டாம், உள்ளாடை உட்பட.

#3 தார்ப்பாய்
பாஞ்சோவையும் (தலைவழியே போட்டுக்கொள்ளும் தளர்வான மழைப்போர்வை) கணக்கில் எடுங்கள். கீழ்ப்பக்கம் திறந்திருப்பதால் காற்றோட்டம் கோட்டைவிட நன்றாக இருக்கும், பையையும் சேர்த்து மூடும், முதுகுக்கும் பைக்கும் நடுவே நீர் வழியாது. காற்றில்லாத, அகலமான பாதைக்கு அருமையான பொருள்.

#4 நடைக்கோல்
அகலமான பாதைக்கு, சரி. இவர்கள் பாதை அடர்காடு. பாஞ்சோ முள்ளில் மாட்டிக் கிழியும். அதைவிட முக்கியம், இறக்கத்தில் முன்மடிப்பு கண்ணை மறைத்துக் கால் வைக்கும் இடம் தெரியாது. ஓடையில் இறங்கும் முன் கட்டாயம் கழற்ற வேண்டும், நீரோட்டம் அதைப் பிடித்து இழுக்கும்.

#5 தார்ப்பாய்
இறக்கத்தைப் பற்றிச் சொன்னது சரி. இடுப்பில் ஒரு கயிறு கட்டினால் கொஞ்சம் அடங்கும், முழுக்க அடங்காது. இந்தப் பாதைக்கு கோட்டே இருக்கட்டும்.

#6 மூட்டைக்காரர்
ரெயின் கவர் போதாது. அது பையின் முகத்தை மட்டும் மூடுகிறது. கழுத்தில் இறங்கும் மழை முதுகோடு வழிந்து, பையின் முதுகுப்பக்க மெத்தையில் ஊறி உள்ளே போகும். கவரின் அடியில் நீர் தேங்கி, பையின் அடிப்பாகம் அதில் ஊறிக்கொண்டே வரும். புதருக்குள் நுழைந்தால் கவரே கழன்று போகும்.

நம்பகமான வழி உள்ளே போடும் பிளாஸ்டிக் பை. சுமார் 50 மைக்ரான் தடிமன், கொள்ளளவு உங்கள் பையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். சமையலறைக் குப்பைப்பை வேண்டாம், முதல் நாளே கிழியும். உள்ளே விரித்து, ஸ்லீப்பிங் பேக்கை அடியில் அமுக்கி, மேலே இரவு உடுப்பு, அதற்கு மேல் குளிர் தாங்கும் ஜாக்கெட். பிறகு காற்றை முழுக்க அமுக்கி வெளியேற்றி, வாயை இரு கையால் கூட்டிப் பிடித்து, கயிறு முறுக்குகிற மாதிரி ஏழெட்டுச் சுற்று முறுக்குங்கள். முறுக்கிய கழுத்தை கொக்கி மாதிரி கீழே வளைத்துப் பையின் பக்கவாட்டில் செருகிவிடுங்கள். முடிச்சுப் போட்டால் விறைத்த விரலால் அவிழ்க்க முடியாது. இறுக்காமல் மடித்து மட்டும் விட்டாலோ, மடிப்பில் தேங்கிய நீர் திறக்கும்போது அப்படியே உள்ளே கொட்டும்.

ஈரமானதெல்லாம் இந்தப் பைக்கு வெளியே: டென்ட், கோட், நடை சாக்ஸ். அன்றைக்குத் தேவைப்படும் சாப்பாடு, முதலுதவி, ஹெட்லாம்ப் மூன்றையும் மேலேயே தனிப் பையில் வையுங்கள். கொட்டும் மழையில் பெரிய பையைத் திறக்கும் நிலை வரக் கூடாது. உருட்டி மூடும் உலர்பைகளுக்கு 3 சுற்றாவது உருட்டினால்தான் அடைப்பு நிற்கும்.

#7 ஓடைக்கரை
நன்றி. எங்கள் ஸ்லீப்பிங் பேக்குகளில் ஒன்று வாத்துத் தூவி, இரண்டு செயற்கை நார். தூவி நனைந்தால் அவ்வளவுதானா?

#8 மூட்டைக்காரர்
தூவி சூடு காப்பது தன் பொம்மலுக்குள் பிடித்து வைக்கும் காற்றால். நனைந்தால் கட்டிக் கட்டியாகச் சுருண்டு அந்தக் காற்று போய்விடும், காட்டில் உலர்த்தவும் முடியாது. செயற்கை நார் நனைந்தாலும் ஓரளவு பருமனைக் காத்துக்கொள்ளும். இரண்டு இரவுதான் என்பதால் தூவியையும் எடுத்துப் போகலாம், ஆனால் அதற்கு இரட்டைப் பை. தூங்கும்போது முகத்தை உள்ளே விட்டு மூச்சு விடாதீர்கள், விடியும்போது நெஞ்சுப்பக்கம் ஈரமாக இருக்கும்.

#9 பாசிப்பாறை
ஷூ பற்றி யாரும் சொல்லவில்லையே. வாட்டர்ப்ரூஃப் ஷூ பனிபடர்ந்த புல்லுக்கும் ஆழமில்லாத சேற்றுக்கும் நல்லது. தொடர் மழையில் நீர் காலோடு வழிந்து மேல்வழியாக உள்ளே போகும், ஓடையில் ஒரு முறை இறங்கினால் நிரம்பிவிடும். அந்தச் சவ்வு அப்போது உள்ளே போன நீரை வெளியே விடாது. மூன்று நாளும் உலராது. வலைத்துணி ஷூ உடனே நனையும், பத்து எட்டு வைப்பதற்குள் பாதி நீரைக் கக்கிவிடும். 7 டிகிரிக்குக் கீழே போகாத பாதைக்கு நான் வலைத்துணிதான் சொல்வேன், உள்ளே தடித்த கம்பளி சாக்ஸோடு.

ஷூ எதுவானாலும் அடிப்பாகத்தைப் பாருங்கள். பற்கள் ஆழமாகவும் இடைவெளி விட்டும் இருந்தால்தான் சேறு உதிரும். தேய்ந்த ஷூ ஈரக் காட்டில் வேலைக்காகாது.

#10 நிதானம்
கால் தோலைப் பற்றி நான் சேர்க்கிறேன், ஏனென்றால் மூன்றாம் நாள் நடையை நிறுத்துவது பெரும்பாலும் அதுதான். பல மணி நேரம் ஊறிய தோல் வெளுத்துச் சுருங்கி மென்மையாகும். அப்புறம் சின்ன மடிப்பு, ஒரு மணல் துகள் பட்டாலே உரிந்துவிடும். விரலிடுக்கில் சேற்றுப்புண்ணும் சேர்ந்தால் நடக்க முடியாது. குளிரும் ஈரமும் நாள் கணக்கில் சேர்ந்தால் நரம்பும் ரத்த ஓட்டமும் பாதிக்கப்பட்டுக் கால் மரத்துப்போகும், அது வெறும் கொப்புளத்தைவிட ஆபத்தானது.

காலையில் ஷூ போடும் முன் குதிகால், பாத விளிம்பு, விரலிடுக்கு எல்லாவற்றிலும் வாஸ்லின் போன்ற களிம்பைத் தடவுங்கள். மதிய நிறுத்தத்தில் மழை விட்டிருந்தாலும் விடாவிட்டாலும், தார்ப்பாயின் கீழ் ஷூவைக் கழற்றி, சாக்ஸைப் பிழிந்து, கால் 15 நிமிடம் காற்றாட இருக்கட்டும். இரவுக்கு ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ், அதை நடக்கும்போது போடவே கூடாது. எரிச்சல் தெரிந்த உடனே நின்று பாருங்கள். ஈரத் தோலில் டேப் ஒட்டாது. துடைத்து, ஒரு நிமிடம் காயவிட்டு, விளிம்புகளை வட்டமாக வெட்டி ஒட்டினால்தான் நிற்கும்.

#11 பாசிப்பாறை
கால் வைக்கும் முறையும் மாற வேண்டும். ஈரக் காட்டில் அதிகமாக வழுக்குவது பட்டை உரிந்த வேர். பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஓடும் வேராக இருந்தால் இன்னும் மோசம். அதன்மேல் மிதிக்காமல் தாண்டி வையுங்கள். அடுத்து பாசி படர்ந்த பாறை, அடுத்து பட்டையில்லாத விழுந்த மரம். எட்டைச் சிறிதாக்கி, பாதம் முழுக்கத் தட்டையாக வைத்து, எடையை மெல்ல ஏற்றுங்கள். குதிகாலை ஊன்றி நீண்ட எட்டு வைத்தால் சறுக்கல் நிச்சயம். இறக்கத்தில் நடைக்கோலைக் கொஞ்சம் நீளமாக்கி, முன்னால் ஊன்றிய பிறகு கால்.

பாதையில் நீர் தேங்கியிருந்தால் நடுவிலேயே நடங்கள். எல்லோரும் ஓரமாகச் சுற்றிப் போனால் ஓரத்துச் செடி மிதிபட்டு, பாதை ஆண்டுக்காண்டு அகலமாகிச் சேற்றுக்காடாகிவிடும். எப்படியும் கால் நனைந்ததுதான்.

#12 ஓடைக்கரை
ஓடை விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை. யாராவது முழுமையாகச் சொல்ல முடியுமா?

#13 நீரோட்டம்
மழைக்காட்டு நடையில் உயிரை எடுப்பது இதுதான், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இறங்கலாமா என்பதைக் கரையிலேயே முடிவு செய்யுங்கள். நீர் செம்மண் நிறமாகக் கலங்கியிருந்தால், கிளையும் இலைக்குப்பையும் அடித்துக்கொண்டு வந்தால், அடியில் கல் உருளும் கடகட சத்தம் கேட்டால் இறங்காதீர்கள். ஒரு குச்சியை எறிந்து கூடவே கரையில் நடந்து பாருங்கள். அது உங்களை முந்தினால் வேகம் அதிகம். வேகமான நீர் முழங்காலுக்கு மேல் வந்தால் அந்த இடம் வேண்டாம். ஓட்டத்தின் வேகம் இரட்டிப்பானால் உங்கள் காலில் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் நேற்று கணுக்கால் நனைந்த அதே ஓடை இன்று ஆளைச் சாய்க்கிறது.

கடக்கும் இடம் அகலமாக, பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் இடமாக இருக்கட்டும். குறுகிய இடம் தாண்டச் சுலபம்போலத் தெரியும், ஆனால் ஆழமும் வேகமும் அங்கேதான். வளைவின் வெளிப்பக்கக் கரையும் ஆழம். நீரோட்டத் திசையில் கீழே என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அருவியோ, நீருக்குள் கிடக்கும் மரக்கிளைக் கூட்டமோ இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கிளைகளுக்கு நடுவே நீர் போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார். வழுக்கும் மரத்தின் மேல் நடந்து கடப்பதைவிட நீரில் இறங்கி நடப்பது நல்லது.

ஷூவோடுதான் இறங்க வேண்டும். நடைக்கோலின் மணிக்கட்டுப் பட்டையிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். பையின் மார்புப் பட்டையை அவிழ்த்து, தோள்பட்டையைத் தளர்த்துங்கள். இடுப்புப் பட்டையைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. அவிழ்த்துவிட்டால் பையை உடனே உதறலாம் என்பது ஒன்று; உள்பை போட்டு மூடிய மூட்டை மிதக்கும், அது கூட இருப்பது நல்லது என்பது இன்னொன்று. எதுவானாலும் ஒரே இழுப்பில் கழன்றுவர வேண்டும், கரையிலேயே இரண்டு முறை செய்து பாருங்கள்.

தனியாகக் கடப்பவர் நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கோலை முன்னே ஊன்றி, பக்கவாட்டில் நகர வேண்டும். எப்போதும் இரண்டு ஊன்றல் தரையில், ஒன்று மட்டும் நகரும். மூன்று பேர் என்பதால் உங்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு. தோளோடு தோள் சேர்ந்து, வரிசை நீரோட்டத்துக்கு இணையாக இருக்கும்படி நில்லுங்கள். வலுவானவர் நீர் வரும் பக்கம். கையைப் பக்கத்தவரின் முதுகுக்கும் பைக்கும் நடுவே விட்டு எதிர்ப்பக்கப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, எதிர்க்கரையை நோக்கி ஒன்றாக நடங்கள். முதல் ஆள் நீரை உடைக்க, மற்றவர்கள் அவரைத் தாங்கி நிற்பார்கள். குறுக்கே கயிறு கட்டி அதில் ஆளைப் பிணைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். விழுந்தால் கயிறு ஆளை நீருக்குள் அழுத்திப் பிடித்துவிடும்.

அடித்துச் செல்லப்பட்டால் எழுந்து நிற்க முயலக் கூடாது, கால் கல்லிடுக்கில் சிக்கும். மல்லாந்து, கால் விரல்கள் நீர்மேல் தெரியும்படி, காலை நீர் போகும் திசைக்கு நீட்டி, கையால் துழாவிக் கரையை நோக்கிப் போங்கள். கை தரையைத் தொடும் ஆழம் வந்த பிறகே எழுந்திருக்கலாம்.

சின்ன ஓடை ஏறுகிற மாதிரியே வேகமாக வடியும், மழை ஓய்ந்து சில மணி நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியும். கரையில் ஒரு கல்லை அடையாளமாக வைத்து அரை மணிக்கொரு முறை பாருங்கள். இரண்டு ஓடைக்கு நடுவே சிக்கினால் ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டிவரும். அந்த ஒரு நாள் சாப்பாடு பையில் இருந்தால்தான் காத்திருக்க மனம் வரும்.

#14 நிதானம்
கடைசி வரிக்கு என் முழு ஆதரவு. ஊரில் திரும்பும் நேரத்தைச் சொல்லிவைக்கும்போதும் அந்த ஒரு நாளைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

#15 தார்ப்பாய்
தங்குமிடம். மாலை வெளிச்சம் இருக்கும்போதே, இருட்டுவதற்கு 2 மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள். முதலில் மேலே பாருங்கள்: காய்ந்த கிளை, சாய்ந்த மரம் எதற்கும் கீழே வேண்டாம். ஊறிய மண்ணில் வேர் பிடி தளரும், காற்றடித்தால் பச்சை மரமும் சாயும். பிறகு கீழே பாருங்கள். மெத்தென்று சமமான பள்ளம் கவர்ச்சியாக இருக்கும், நள்ளிரவில் அதுதான் குளம். இலைச்சருகு ஒரே திசையில் வரிவரியாக ஒதுங்கியிருந்தால் அது நீர் ஓடும் வழி. லேசான மேடு, ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஓடை மட்டத்தைவிட நன்றாக உயரத்தில். டென்டைச் சுற்றிக் கால்வாய் வெட்ட வேண்டாம், மண் அரிக்கும்; சரியான இடத்தில் போட்டால் அது தேவையும் இல்லை.

தார்ப்பாயை முதலில் கட்டி, அதன் கீழே நின்று டென்டை விரிப்பதுதான் உள்டென்ட் நனையாமலிருக்க வழி. தார்ப்பாய் கட்டும் ஒவ்வொரு கயிற்றிலும், துணிக்கு ஒரு சாண் தள்ளி, சின்ன நூல் துண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். மரத்திலிருந்து கயிறு வழியே ஓடிவரும் நீர், நூலைக் கண்டதும் அங்கேயே சொட்டிவிடும், துணிக்கடியில் வராது.

தரைவிரிப்பு டென்டின் அடிப்பாகத்தைவிடச் சிறிதாக, எல்லாப் பக்கமும் 5 செ.மீ. உள்ளே தள்ளி இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேல்துணியில் வழியும் நீரைப் பிடித்து உங்கள் முதுகுக்கடியில் சேர்க்கும். ஊறிய மண்ணில் மெல்லிய கம்பி முளை நிற்காது. நீளமான, பள்ளமுள்ள முளையைச் சாய்த்து அடித்து மேலே கல் வையுங்கள். மேல்துணி நைலானாக இருந்தால் நீர் குடித்துத் தொய்யும், படுக்கும் முன் ஒரு முறை எல்லாக் கயிற்றையும் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த துணி உள்டென்டைத் தொட்டால் ஈரம் உள்ளே இறங்கும்.

மழை என்று காற்றுத்துளைகளை அடைக்காதீர்கள். உங்கள் மூச்சே துணியில் நீராகி விடியற்காலை சொட்டும். ஒரு சின்னத் துடைதுணியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

#16 நிதானம்
குளிர்விறைப்பு. உறைநிலைக்குக் கீழேதான் வரும் என்ற நம்பிக்கை தவறு. 14 டிகிரி, ஈரம், காற்று, களைப்பு சேர்ந்தாலே போதும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும் நிலை அது. பாதிக்கப்படுபவருக்குத் தெரியாது, கூட வருபவர்தான் கவனிக்க வேண்டும். ஜிப்பைப் போட விரல் தடுமாறுவது, பேச்சு குழறுவது, கால் இடறுவது, "எனக்கு ஒன்றுமில்லை, விடு" என்று எரிந்து விழுவது. நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது என்று பொருள். சூடேறாமலே நடுக்கம் நின்றுவிட்டால் நிலைமை மோசம், உடனே மீட்பு உதவி கேளுங்கள்.

அங்கேயே நிறுத்தித் தார்ப்பாய் கட்டுங்கள். ஈர உடுப்பை முழுக்கக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, பாயின்மேல் ஸ்லீப்பிங் பேக்கில் படுக்கவைத்து, வெளியே ஒரு பிளாஸ்டிக் விரிப்பால் சுற்றுங்கள். தொப்பி முக்கியம். புட்டியில் வெந்நீர் ஊற்றி சாக்ஸுக்குள் போட்டு, கக்கத்திலும் நெஞ்சின் மேலும் வையுங்கள், வெறும் தோலில் வைக்காதீர்கள். தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் சூடான இனிப்புப் பானம். கை காலைத் தேய்க்கக் கூடாது, மது கூடாது, உடனே எழுப்பி நடக்கவைக்கக் கூடாது.

வராமல் தடுக்க: நின்றவுடன், குளிர் தெரிவதற்கு முன்பே தடித்த ஜாக்கெட். மணிக்கொரு முறை நின்றபடி நாலு வாய் சாப்பாடு. மழையில் தாகம் தெரியாது, ஆனாலும் குடிக்க வேண்டும்.

#17 ஓடைக்கரை
காலையில் காய்ந்த உடுப்பிலேயே நடக்கத் தொடங்கினால் என்ன? மழை விட்டிருந்தால்?

#18 நடைக்கோல்
வேண்டாம். மழை விட்டாலும் மரம் சொட்டும், புதர் இடுப்புவரை நனைக்கும், அரை மணியில் உங்களிடம் காய்ந்த துணியே இருக்காது. ஈர உடுப்பையே மறுபடி போடுங்கள். முந்தின இரவு நன்றாகப் பிழிந்து கயிற்றில் தொங்கவிட்டிருந்தால் பத்து நிமிட நடையில் சூடாகிவிடும். மூட்டை கட்டி முடித்த பிறகு, கடைசியாக மாற்றிக்கொண்டு உடனே நடங்கள்.

#19 நீரோட்டம்
குடிநீருக்கும் ஒரு வார்த்தை. கலங்கல் நீர் வடிகட்டியை அடைத்துவிடும். பாத்திரத்தில் அரை மணி தெளியவிட்டு, மேல்நீரைத் துணியில் வடித்து, பிறகு வடிகட்டி. கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கு கலங்கலில் வேலை செய்யாது, நீரைச் சுத்தமாக்கும் மாத்திரைக்குக் குளிர்நீரில் நேரம் கூடுதலாகும். கொதிக்கவைத்தால் தளதளவென்று 1 நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம்.

அடுப்பைத் தார்ப்பாயின் கீழே, திறந்த இடத்தில் வையுங்கள். மூடிய டென்டுக்குள் வேண்டாம், தீ ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம். அதற்கு வாசனை கிடையாது. லைட்டர் நனைந்தால் வேலை செய்யாது, இரண்டை வெவ்வேறு ஜிப் பையில் வையுங்கள்.

#20 பாசிப்பாறை
அட்டை உள்ள காடா? நெருக்க நெய்த அட்டை சாக்ஸை முழங்கால்வரை போட்டு, கால்சட்டையை உள்ளே விடுங்கள். கடித்திருந்தால் ஒல்லியான வாய்ப்பக்கத்தில் தோலோடு நகத்தை நகர்த்தினால் பிடி விடும், அப்புறம் பருத்த முனை. நெருப்பும் உப்பும் வைத்தால் உள்ளிருப்பதைக் காயத்திலேயே கக்கும். ரத்தம் உறையவிடாத பொருளை அது செலுத்துவதால் கசிவு நிற்க நேரமாகும். சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திக் கட்டினால் போதும்.

#21 நிதானம்
இடி: மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே எண்ணும் நொடிகளை 3-ஆல் வகுத்தால் கிலோமீட்டர். 30 நொடிக்குள் என்றால் முகட்டையும் தனி மரத்தையும் திறந்த வெளியையும் விட்டு, உயரம் ஒரேபோல் உள்ள மரக்கூட்டத்துக்கு இறங்குங்கள். கடைசி முழக்கத்துக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

#22 ஓடைக்கரை
பட்டியலை மாற்றிவிட்டேன்: உள்பை மூன்று, 3×3 மீட்டர் தார்ப்பாய், இரவு சாக்ஸ், ஒரு நாள் கூடுதல் சாப்பாடு, ரெயின் கவர் இல்லை. ஈர டென்டைத் திரும்பி வந்து எத்தனை நாளுக்குள் காயப்போட வேண்டும்?

#23 தார்ப்பாய்
வந்த அன்றே. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணக் கறை ஏறும், அது துவைத்தாலும் போகாது. ஈரத்தில் வெகுநாள் கிடந்தால் உள்பூச்சும் சிதைந்து பிசுபிசுத்து உரியும். நிழலில் விரித்து, தையலையும் மூலைகளையும் தொட்டுப் பார்த்து, முழுக்கக் காய்ந்த பிறகு தளர்வாக மடித்து வையுங்கள். ஷூவின் உள்ளட்டையை எடுத்துவிட்டு, செய்தித்தாளைத் திணித்து, ஊறியதும் மாற்றுங்கள். அடுப்புப் பக்கத்தில் வைத்தால் அடிப்பாகத்தின் பசை இளகிவிடும்.